யார் சொன்னது, எப்போது சொன்னது? கணினியின் அறிவுக் கிடங்கில் சாதி

கூகுள் தேடலில் ஒரு தலைவரின் பெயரை இட்டால், பிறப்பு, ஊர், நூல்கள் என ஒரு கட்டம் தோன்றுகிறது. அந்நிறுவனம் 2012இல் அறிமுகப்படுத்திய 'அறிவு வரைபட'த்தின் விளைவு அது. இத்தகைய கிடங்குகளை உருவாக்க, கணினி உரைகளைப் படித்து, 'அம்பேத்கர் – பிறந்த ஊர் – மாவ்' என மும்மூன்று கூறுகளாக உடைத்துச் சேமிக்கிறது.

உடைக்கும்போது இரண்டு செய்திகள் எளிதில் உதிர்கின்றன: யார் சொன்னது, எப்போது சொன்னது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதி விவரணையைக் கணினி படித்தால், காலனிய அதிகாரி ஒருவரின் 'இச்சாதியின் தொழில் இது' என்ற கூற்று இன்றைய உண்மையாகப் பதிவாகிவிடும்.

புதுச்சேரிக்கு இதில் தனிச் சிக்கல்கள் உண்டு. 1964ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையில் வள்ளுவன், வெட்டியான் ஆகிய பெயர்கள் உள்ளன. முன்னது புலவர் பெயராகவும் பின்னது தொழிற்பெயராகவும் கணினிக்குத் தோன்றலாம். அவ்வாணை அப்பிரதேசத்தில் 'வசிப்பவர்' என்கிறது. 'வசிப்பவர்' என்பதும் 'பூர்வீகத்தினர்' என்பதும் ஒன்றா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகளே ஆராய வேண்டியிருந்த வேறுபாட்டைக் கணினி ஒரே உறவாக இணைத்தால், இழப்பு சாதிச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாணவருக்கே.

1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூடினர். அவர்களில் ஒடுக்கப்பட்டோர் பலர். பாட்டனுக்குத் தமிழ்ப் பெயர், பேரனுக்குப் பிரெஞ்சுப் பெயர். பெயரை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு இருவரும் அந்நியர்.

இது வெற்று அச்சமன்று. தெலங்கானாவில் கணினிக் கணிப்பை நம்பி, முன்னறிவிப்பின்றிக் குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. ஏறத்தாழ 19 லட்சம் அட்டைகளை நேரில் சரிபார்க்குமாறு 2022இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

தொழில்நுட்பத்தைப் புறக்கணிப்பது தீர்வாகாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் தீர்ப்புகளை இதே முறையில் தொகுத்தால், வழக்குகள் எந்தக் கட்டத்தில் தளர்கின்றன என்பதை நாமே நிறுவலாம். விக்கித்தரவில் ஒவ்வொரு கூற்றோடும் சான்றையும் காலத்தையும் இணைக்க இடமுண்டு. ஆகவே இயலாது என்ற சாக்கு செல்லாது. அரசு உருவாக்கும் எந்த அறிவுக் கிடங்கிலும் சாதி குறித்த ஒவ்வொரு கூற்றும் மூலத்தோடும் ஆண்டோடும் நிற்க வேண்டும். அதைத் திருத்தக் கோரும் உரிமை உரியவருக்கு வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதே நம் அடையாளமாக்கப்பட்ட வரலாறு, கணினி வழியே மீண்டும் நிகழ இடந்தரலாகாது.