ஆரா தொகுதியின் தோல்விக் கணக்கு

2025 நவம்பரில் பீகார் சட்டமன்றத்தில் சிபிஐ(எம்எல்) உறுப்பினர் எண்ணிக்கை 11இலிருந்து 2ஆகக் குறைந்ததும் பழைய கேள்வி திரும்பி வந்துவிட்டது. வெல்ல வாய்ப்பில்லாத இடங்களில் இடதுசாரிகள் எதற்காகப் போட்டியிடுகிறார்கள்? முதலாளித்துவ ஊடகங்கள் ஏளனமாகக் கேட்கின்றன. தோழர்களில் சிலர் சோர்வோடு கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் ஆரா மக்களவைத் தொகுதியிலிருந்து பதில் சொல்லலாம்.

அங்கு 2019இல் கட்சியின் வேட்பாளர் ராஜு யாதவ். பீகாருக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர் சிலரே. எதிரில் நின்றவர் முன்னாள் உள்துறைச் செயலாளரும் ஒன்றிய அமைச்சருமான ஆர்.கே. சிங். ராஜு யாதவ் 4,19,195 வாக்குகள் பெற்று, 1,47,285 வாக்குகளில் தோற்றார்.

‘அவை ராஷ்டிரிய ஜனதா தளத்தின் இரவல் வாக்குகள்’ என்றார்கள். அக்கட்சி ஆதரவளித்தது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2014இல் தனித்தனியாக நின்றபோது இரு கட்சிகளும் பெற்ற வாக்குகளைக் கூட்டினாலும் ஏறத்தாழ 3,54,000தான். எஞ்சிய 65,000 யார் கொடுத்த இரவல்?

ஆராவில் வாக்குரிமை தானாகக் கிடைக்கவில்லை. 1967 சட்டமன்றத் தேர்தலில் சஹாரில் தோழர் ராம் நரேஷ் ராம் கம்யூனிஸ்ட் வேட்பாளராக நின்று தோற்றார். வாக்குச்சாவடி முறைகேட்டைத் தட்டிக்கேட்ட ஆசிரியர் ஜெகதீஷ் மஹதோ நிலப்பிரபுக்களின் அடியாட்களால் குற்றுயிராக அடித்து வீழ்த்தப்பட்டார். போஜ்பூர் இயக்கத்தின் வேர் அந்தத் தோல்வியில் இருக்கிறது. 1989இல் இந்திய மக்கள் முன்னணியின் ராமேஷ்வர் பிரசாத் ஆராவில் வென்றபோது, தலித் உழைப்பாளர்கள் பலர் வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தார்கள். 1996 ஜூலை 11 அன்று பதானி டோலாவில் ரன்வீர் சேனை 21 பேரைக் கொன்றது. தண்டிக்கப்பட்டிருந்த 23 பேரையும் 2012இல் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. நீதிமன்றம் கைவிட்ட மக்களும் அந்த 4,19,195இல் இருக்கிறார்கள். அவர்களுடைய தொகுதியில் அவர்களுடைய வேட்பாளர் நிற்கக் கூடாது என்று சொல்பவர்கள், அதன் பொருள் என்னவென்று யோசித்துச் சொல்லட்டும்.

2024இல் அதே ஆர்.கே. சிங்கைத் தோழர் சுதாமா பிரசாத் 59,808 வாக்குகளில் தோற்கடித்தார். ஆகவே தோல்வி என்பது வெற்றியின் முதற்படி என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ளலாமா? கூடாது. ஆராவுக்கு உட்பட்ட அகியாவ் சட்டமன்றத் தொகுதியை 2025இல் நாம் வெறும் 95 வாக்குகளில் இழந்தோம். பாஜகவின் பணபலத்தையும் வாக்காளர் பட்டியல் நீக்கங்களையும் எதிர்த்து உறுதியாகப் போராட வேண்டும். அதேவேளை எந்தத் தெருவுக்குப் போகவில்லை, யாருடைய பெயரைப் பட்டியலில் சரிபார்க்கவில்லை என்று ஒவ்வொரு கிளையும் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போட்டியிட்டுத் தோற்பதில் இழுக்கு இல்லை. வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் கிளை அலுவலகம் பூட்டிக் கிடந்தால் அதுதான் இழுக்கு.