கொத்தமல்லித் தழைக்கு அங்க என்னங்க வேலை?

மக்களே, ஒரு சந்தேகம். அரிசிம்பருப்பு சாதத்தைக் கிண்ணத்துல அமுக்கி, வெள்ளைத் தட்டுல கவுத்து, உச்சியில கொத்தமல்லித் தழை செருகி போட்டோ எடுக்க யாருங்க கத்துக் குடுத்தது? காந்திபுரத்துல எந்த வீட்டுல அதை அப்படிச் சாப்பிடறாங்க? நெய் ஊத்தி, சூடு ஆறும் முன்னாடி சாப்பிடற சாதமுங்க அது!

வீட்டுச் சமையலை அழகா வெச்சு போட்டோ எடுக்கக் கத்துக்கறது நல்ல விஷயம். அதுக்காக ஓட்டல் வேஷம் கட்டியே ஆகணும்ங்கற நெனப்போடதான் என் சண்டை.

நம்மகிட்ட இல்லாத பிளேட்டிங்கா? வாழையிலையைப் பாருங்க. நுனி சாப்பிடறவருக்கு இடது பக்கம். உப்பு, ஊறுகாய் இடது ஓரம். பொரியல், கூட்டு மேல்பாதி, சோறு கீழ்ப்பாதி. பொட்டி தட்டற எங்க பாஷையில சொன்னா, இதைவிட நல்ல யூசர் இன்டர்ஃபேஸ் நான் பார்த்ததில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டுச்சு. தமிழ் யூடியூப்ல அதுதான் முதல். தழை செருகியா ஜெயிச்சாங்க? பெரிய சட்டி, வெட்டவெளி வெளிச்சம், வாழையிலை. அவ்ளோதான்.

வேஷம் எங்க கொண்டு போய் விடும் தெரியுமா? அமெரிக்காவுல கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்கு, காய்கறி மேல தெரியணும்னு அடியில கண்ணாடி கோலிக்குண்டு போட்டாங்க. 1970ல அரசு வணிக ஆணையமே தலையிட்டு நிறுத்த வேண்டியதாச்சு!

இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கலாம். ராகிக்களி, கொள்ளுப்பருப்பு, கம்பங்கூழ் எல்லாம் மங்கின நிறம். "போட்டோவுல நல்லா வராது"ன்னு தள்ளி வெக்கறோம். பார்க்கற குழந்தைக்கு அது வெளிய காட்டக் கூடாத சோறா ஆயிடுது. எனக்கு அதுதாங்க வயித்தெரிச்சல்.

தப்பு களி மேல இல்லீங்க, டியூப்லைட் மேல. அதையும் ஃபிளாஷையும் அணைங்க. ஜன்னலோரம் தட்டை வெச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி திருப்புங்க. எதிர்ப்பக்கம் வெள்ளைப் பேப்பர் ஒண்ணு புடிச்சா நிழல் கொறையும். தட்டு விளிம்பைத் துடைங்க. இலையை நேர் மேல இருந்து எடுங்க, களி உருண்டையைச் சாய்வா எடுங்க. அதோட பளபளப்பு தானா தெரியும். மொத்தம் ரெண்டு நிமிஷ வேலை, சோறும் ஆறாது.

டிஸ்கி: கொத்தமல்லித் தழையோட எனக்கு வாய்க்கா வரப்புத் தகராறு எதுவும் இல்லீங்க. ரசத்துல தாராளமாப் போடுங்க :-)