தீவைப் பேசுகிறோம், தீவு மக்களைப் பேசுகிறோமா?



2025 சனவரி மாதத்தில் நமது கடற்கரையில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். சென்னையிலிருந்து கோவளம் வரையும் அதற்குத் தெற்கேயும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் கரை சேர்ந்தன. முட்டையிட வந்த தாய் ஆமைகள் அவற்றில் ஏராளம். செய்தித்தாள்கள் எழுதின, நீதிமன்றமும் பசுமைத் தீர்ப்பாயமும் விளக்கம் கேட்டன. ஆமை மீன் அல்ல. அது மூச்சு விடக் கடல்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். அடிமட்டத்தில் மணிக்கணக்கில் இழுக்கப்படும் மடிக்குள் அகப்பட்டால் அது நீரிலேயே மூச்சுத் திணறிச் சாகிறது. கரையோரக் கடலை 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் சிறு படகுகளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. ஆமை தப்பிச் செல்லும் கருவியை மடியில் பொருத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. இவை இருந்தும் ஆமைகள் செத்தன.

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு குப்பங்களில் ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிய செய்தி அல்ல. பெரிய மடி வந்து போன இடத்தில் சிறிய வலைக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுருக்குமடியைப் பற்றிய சண்டையும் அதுதான். தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டு அதைத் தடை செய்தது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்துக்கு 2 நாட்கள் என்று இடைக்கால அனுமதி தந்தது. கரையோரக் கிராமங்களில் அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் நம் மக்கள் பலருக்கு இதெல்லாம் மீன் சந்தையில் விலை ஏறும்போது மட்டுமே காதில் விழும் செய்தி. ஆனால் இந்த வலையின் கதையைப் புரிந்துகொண்டால்தான், ஒவ்வொரு தேர்தலிலும் நாம் கேட்கிற கச்சத்தீவின் கதையும் விளங்கும்.

இழுவைமடி நம் மீனவரின் மரபில் வந்தது அல்ல. 1953இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் இயந்திரப் படகை நம் கடல்களுக்குக் கொண்டு வந்தது. அதன்பின் இறால் ஏற்றுமதி வளர, அரசே கடனும் மானியமும் கொடுத்து இழுவைப்படகுகளைப் பெருக்கியது. ஆகவே இழுவைப்படகுக்காரரைத் திருடர் என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருவது நியாயமே. அரசு காட்டிய வழியில்தான் அவர் போனார். ஆனால் அந்த மடி கடலின் அடித்தளத்தையே வழித்துக்கொண்டு போகிறது. வேண்டிய மீன், வேண்டாத மீன், குஞ்சு, பாசி என்று எல்லாம் வருகின்றன. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். நமது பக்கத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படி வழித்தபின் அங்கே என்ன இருக்கும்?

எல்லைக்கு அப்பால் மீன் இருந்தது. இருந்ததற்குக் காரணம் போர். 1983 முதல் 2009 வரை யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் பல ஆண்டுகள் கடலுக்கே போகவிடாமல் தடுக்கப்பட்டார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் கரைகளே மூடப்பட்டன. அவர்கள் முகாம்களில் இருந்தார்கள். பலர் மண்டபத்துக்கும் அங்கிருந்து நம் ஊர் முகாம்களுக்கும் வந்தார்கள். அவர்கள் இல்லாத கடலில் நமது படகுகள் மீன் பிடித்தன. போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பி வந்தபோது, அந்தக் கடலில் ஏற்கெனவே இழுவைப்படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. இராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய நாட்கள் விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று ஓர் ஏற்பாடு உண்டு. நமது நாட்டுப்படகு மீனவரைக் காக்கச் செய்த நல்ல ஏற்பாடு. அந்த மூன்று இரவுகளில் அக்கரையில் இருக்கும் நாட்டுப்படகு மீனவரைக் காக்க எந்த ஏற்பாடும் இல்லை.

இப்போது கச்சத்தீவுக்கு வருவோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது பிரதமரே அதைப் பேசினார். 2025 ஏப்ரல் 2 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அதை மீட்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் நடிகர் விஜய் அதைக் கேட்டார். செப்டம்பர் 1 அன்று இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க அந்தத் தீவில் போய் இறங்கி, ஓர் அங்குலமும் விடமாட்டோம் என்ற பொருளில் பேசிவிட்டுத் திரும்பினார். அவர் போய்ப் பார்த்தது 285 ஏக்கர் பரப்புள்ள, குடிநீர் இல்லாத, யாரும் நிரந்தரமாக வாழாத ஒரு திட்டு. அங்கே இருப்பது புனித அந்தோனியார் கோவில். இலங்கைக் கடற்படை கட்டிக்கொடுத்த புதிய ஆலயம் 2016இல் அர்ச்சிக்கப்பட்டது. மீன்களுக்கே மறையுரை ஆற்றியவர் என்று மரபு சொல்லும் புனிதருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது!

1974 உடன்படிக்கை வரைந்த எல்லைக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் செல்கிறது. நமது பயணிகளும் மீனவர்களும் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தன. தமிழ்நாட்டைக் கேட்காமல் செய்தது தவறு என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் படகுகள் பிடிபடும் இடங்களைச் செய்திகளில் கவனியுங்கள். நெடுந்தீவு அருகே, காரைநகர் அருகே, பருத்தித்துறை அருகே, மன்னார் அருகே என்றுதான் பெரும்பாலும் வரும். 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட நமது மீனவர்கள் கைதானார்கள். நாளையே கச்சத்தீவு நம் கைக்கு வந்தாலும் எல்லைக்கோடு சற்றே கிழக்கே நகரும். நெடுந்தீவு நெடுந்தீவு மக்களுடையதாகவே இருக்கும். கச்சத்தீவு கிடைத்தால் மீனவர் பிரச்சினை தீரும் என்று மேடையில் சொல்பவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

சரி, அந்த நெடுந்தீவில் யார் இருக்கிறார்கள்? ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. சில ஆயிரம் தமிழ் மக்கள் வாழ்கிறார்கள். நமது சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்கள் அங்கேயும் ஆண்டார்கள். தங்கள் நாட்டு ஊரின் பெயரை வைத்து அதை டெல்ஃப்ட் என்று அழைத்தார்கள். அரசுப் பதிவுகளில் இன்றும் அந்தப் பெயர் உண்டு. பவளக் கற்களை அடுக்கிய வேலிகள், பனை, கால்நடை, ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகள் ஆகியவற்றைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அங்கேயே வாழ்பவர்களுக்கு வேறு கவலைகள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். காற்று எழுந்தால் படகு நிற்கும். பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி எதுவானாலும் கடலைத் தாண்டித்தான் பெரிய மருத்துவமனை. வறட்சியில் நல்ல தண்ணீருக்கு அலைய வேண்டும், குதிரைகளும் சாகும். 1985 மே 15 அன்று அந்த மக்கள் பயணம் செய்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் இலங்கைக் கடற்படையினர் என்றே உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். அதே குமுதினிப் படகில்தான் பின்னரும் பல ஆண்டுகள் அந்த மக்கள் போய்வந்தார்கள். வேறு படகு இல்லை.

இந்த மக்களின் வலைதான் அறுபடுகிறது. மாலையில் செவுள்வலையை விரித்து, மிதவை கட்டி, விடியலில் எடுப்பது அங்குள்ள சிறு மீனவரின் வழக்கம். நம் ஊரிலும் அப்படித்தான். இரவில் இழுவைப்படகுகள் அந்த வழியாகப் போனால் வலை துண்டு துண்டாகும், அல்லது முழுதாகக் காணாமல் போகும். கடன் வாங்கி வாங்கிய வலை. அடுத்த வலைக்கு மீண்டும் கடன். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. அந்தத் தடைக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள் வடக்கின் தமிழ் மீனவர்கள். அயலாருடைய எல்லைக்கல்லைப் பற்றி இணைச்சட்ட நூலின் 19ஆம் அதிகாரம் பேசுவது நிலத்தை மனத்தில் வைத்து. கடலில் கல் நட முடியாது, ஆனால் விரித்து வைத்த வலை ஒருவனுடைய எல்லை இல்லையா?

உயிர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். 2021 சனவரியில் நெடுந்தீவு அருகே கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கிய படகில் 4 பேர் மாண்டார்கள். அந்த நால்வரில் ஒருவர், போருக்குத் தப்பி வந்து மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். 2022 சனவரி இறுதியில் வத்திராயன் கரையிலிருந்து போன இரண்டு மீனவர்கள் பிணமாக மீட்கப்பட்டார்கள். இந்திய இழுவைப்படகு மோதியதே காரணம் என்று சொல்லி வடமராட்சி மக்கள் சாலையை மறித்தார்கள். 2024 சூனில் ஒரு படகைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டு 1 அன்று நம் மீனவர் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காணாமல் போனார். மீன் பிடித்த குற்றத்துக்குச் சுடுவதையும் அடிப்பதையும் எந்தச் சட்டமும் அனுமதிக்காது. அதைக் கண்டிக்கும்போது வத்திராயனையும் சேர்த்துச் சொல்ல நமக்கு ஏன் வாய் வருவதில்லை?

சிறு தீவுகளின் மக்களைக் கேட்காமல் அவற்றைப் பற்றிப் பேசுவது உலக வழக்கமாகவே ஆகிவிட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று மின்சாரம் தரும் திட்டத்தை 2021 சனவரியில் இலங்கை ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கியது. நமது கரைக்கு இவ்வளவு அருகில் சீனாவா என்று தில்லி எதிர்த்தது. கடைசியில் இந்தியாவே நன்கொடையாகப் பணம் தர, 2024 மார்ச்சில் ஒரு பெங்களூரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. தீவு மக்களுக்கு வேண்டியிருந்தது விளக்கு எரிவது. இரண்டு வல்லரசுகளின் இழுபறியில் அதற்கு மூன்று ஆண்டுகள் தாமதம்.

இன்னும் தெற்கே சாகோஸ் தீவுகளைப் பாருங்கள். டியகோ கார்சியாவில் இராணுவத் தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை அம்மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீசியசும் தீவுகளின் உரிமை பற்றி உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோதும், எங்களைக் கேட்டீர்களா என்று சாகோஸ் மக்கள் பலர் இலண்டனில் நின்று கேட்டார்கள். அதே டியகோ கார்சியாவில்தான் 2021 அக்டோபரில் படகில் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்கள், குழந்தைகளோடு, 2024 டிசம்பர் வரை வேலியிட்ட கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். கனடா போகக் கிளம்பியவர்கள். நமது தொலைக்காட்சிகளில் அவர்களுக்காக எத்தனை விவாதம் நடந்தது?

இராமேசுவரத்து மீனவரைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் கூலிக்கு மடி இழுக்கிறவர். 2024 தொடக்கத்தில் படகோட்டிகளுக்கு மாதக்கணக்கில் தண்டனை விழுந்தது. படகின் உரிமையாளர் பலவேளை கரையில் இருப்பார். படகு பறிபோனால் அவரும் கடனாளிதான். இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்ற 2017இல் மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் கொண்டுவந்தன. 2000 படகுகள், படகு ஒன்றுக்கு 80 இலட்சம் ரூபாய் என்பது கணக்கு. உண்மையில் மாறியவை மிகச் சிலவே. ஒரே இரவில் வீடு திரும்புகிறவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க வேண்டும். தொழில் வேறு, வலை வேறு, டீசல் செலவும் பங்குக் கடனும் வேறு. அதை யாரும் அவரோடு உட்கார்ந்து பேசிக் கற்றுத்தரவில்லை. சட்டமன்றத்தில் கச்சத்தீவுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியாவது இந்தத் திட்டம் ஏன் படுத்துவிட்டது என்று கேட்க ஒதுக்கினால் இராமேசுவரத்துக்குப் பயன் உண்டு.

2010 ஆகஸ்டில் தமிழ்நாட்டு மீனவர் குழு ஒன்று இலங்கை சென்று, அந்நாட்டு மீனவர்களோடு நேருக்கு நேர் பேசியது. ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவதாக நம் தரப்பு அப்போது ஒப்புக்கொண்டது. பிறகும் 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர்கள் சந்தித்தார்கள். அரசியல்வாதிகள் இல்லாத இடத்தில் மீனவரும் மீனவரும் பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிகிறது. ஒரே மொழி, பல குடும்பங்களில் ஒரே உறவு, நெய்தல் கரை எங்கும் ஒரே அந்தோனியார். அந்த ஒப்புதல் நிறைவேறாததை யாழ்ப்பாணத்தார் மறக்கவில்லை.

தவக்காலத்தில் நடக்கும் கச்சத்தீவுத் திருவிழாவுக்கு 2024 பிப்ரவரியில் நம் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் புறக்கணித்தார்கள். கோபம் புரிகிறது. ஆனால் யாழ்ப்பாணத்து மீனவரும் நம் மீனவரும் கைதாகாமல், கடவுச்சீட்டு இல்லாமல் ஒரே மணலில் அமர்ந்து பேசக்கூடிய இரண்டு நாட்கள் ஆண்டில் அவை மட்டுமே. 2025 மார்ச் 14, 15 தேதிகளில் மீண்டும் போனார்கள். சிலுவைப்பாதை, தேர்ப்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி, பிறகு படகு ஏறுதல் என்று அந்த ஒன்றரை நாள் ஓடிவிடுகிறது. நம் மறைமாவட்டத்திலிருந்து அடுத்த முறை போகிறவர்கள் திருப்பலி முடிந்தவுடன் படகுக்கு விரையாமல், நெடுந்தீவிலிருந்து வந்திருப்பவர் யார் என்று விசாரித்து, அவருடைய வலை எப்படி இருக்கிறது என்று கேட்டு வரட்டும்.