நடுவர் குழு எதுக்கு? அமைச்சகமே விருதைக் கொடுத்துடலாமே!



ஒவ்வொரு நவம்பரிலும் கோவாவில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. 1952-ல் பம்பாயில் தொடங்கி, நம்ம மதராஸ், டெல்லி, கல்கத்தா என்று அடுத்தடுத்துப் போன விழா. 2004 முதல் கோவாவில். சிவப்புக் கம்பளம், நட்சத்திரங்கள், தங்க மயில் விருது எல்லாம் இருக்கு. படத்தைத் தேர்வு செய்யச் சொல்லி உட்கார வைத்தவர்களின் முடிவை மதிக்கும் குணம்தான் காணோம்.

2017-ல் நடந்ததை மறந்துட முடியுமா? இந்தியன் பனோரமா பிரிவுக்குப் படம் தேர்வு செய்ய இயக்குநர் சுஜாய் கோஷ் தலைமையில் 13 பேர் கொண்ட நடுவர் குழு. படங்களைப் பார்த்து, விவாதித்து, பட்டியல் கொடுத்தாங்க. வெளியே வந்த பட்டியலில் இரண்டு படங்களைக் காணோம். ஒன்று மலையாளப் படம் ‘எஸ் துர்கா’, இன்னொன்று மராத்திப் படம் ‘நியூட்’. தூக்கியது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். நடுவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கல. சுஜாய் கோஷ் ராஜினாமா செய்தார், அவரைத் தொடர்ந்து வேறு சில நடுவர்களும் விலகினார்கள்.

‘எஸ் துர்கா’ இயக்குநர் சனல்குமார் சசிதரன் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். திரையிடு என்று உத்தரவு வந்தது. அப்பீல் போன அமைச்சகத்துக்குத் தடையுத்தரவு கிடைக்கல. நடுவர் குழு மறுபடியும் படத்தைப் பார்த்தது. அதன் பிறகு, விழா முடியும் நாளில், படத் தலைப்பில் இருந்த குறியீடுகளைக் காரணம் காட்டி, சான்றிதழையே மறுபரிசீலனைக்கு அனுப்பியது தணிக்கை வாரியம். விழா முடிந்தது, படம் ஓடவே இல்லை. கோர்ட்டு உத்தரவையே இப்படிச் செல்லாக்காசு ஆக்குறவங்களுக்கு ஒரு நடுவர் குழு எம்மாத்திரம்?

இதே படம்தான் அந்த ஆண்டு ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. 2021-ல் நம்ம வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ வாங்கியதும் அதே விருதுதான்.

அடுத்து 2022. சர்வதேசப் போட்டிப் பிரிவில் 15 படங்கள். இந்தியாவிலிருந்து மூன்று. அதில் ஒன்று தமிழ்ப் படம், கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’. சைக்கிள் ஓட்டக் கத்துக்க ஆசைப்படும் ஒரு சிறுவனின் கதை. ஆனா அந்த வருஷம் நாடே பேசியது ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ பற்றி. நிறைவு விழா மேடையில், நடுவர் குழுத் தலைவரான இஸ்ரேலிய இயக்குநர் நாதவ் லபித், அது ஒரு பிரச்சாரப் படம், கொச்சையானது, போட்டிப் பிரிவுக்கே தகுதியில்லாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். உடனே அவர் மேல் பாய்ச்சல். அவர் நாட்டுத் தூதரே கண்டனக் கடிதம் எழுதினார். நடுவர்களில் இருந்த ஒரே இந்தியர் சுதீப்தோ சென், அது லபித்தின் சொந்தக் கருத்து என்றார். மற்ற மூன்று நடுவர்களோ லபித் பக்கம் நின்றார்கள்.

காஷ்மீர் பண்டிட்டுகள் பட்ட துயரம் உண்மை. அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. ஆனா துயரம் உண்மை என்பதால் படம் நல்ல படம் ஆகிவிடாது. அதைச் சொல்லத்தானே நடுவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறீங்க?

பிறகு நடந்ததையும் பாருங்க. 2023-ல் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது. (ஒருமைப்பாடு! படிச்சுட்டுச் சிரிக்கிறதா அழறதா?) 2025-ல் ‘தி கேரளா ஸ்டோரி’ எடுத்ததற்காக சிறந்த இயக்குநர் விருது. வாங்கியவர் அதே சுதீப்தோ சென்.

“அரசு பணத்துல நடக்குற விழா, அரசு சொல்றதுதான் நடக்கும்” என்று சிலர் கமெண்ட் போடுவாங்க. அது அமைச்சர் வீட்டுப் பணம் இல்லீங்க, நீங்களும் நானும் கட்டுற வரி. கணக்கு கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. தீர்ப்பு எழுதும் உரிமை கிடையாது.

உலகம் இதை எப்பவோ பார்த்துடுச்சு. 1938 வெனிஸ் விழாவில் உச்ச விருதின் பெயரே முசோலினி கோப்பை. அதை ஹிட்லர் ஆட்சியின் ஒலிம்பிக் படமான ‘ஒலிம்பியா’வுக்கும் ஒரு இத்தாலியப் போர் விமானி படத்துக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. வெறுத்துப்போன பிரெஞ்சுக்காரர்கள் தனியாக ஒரு விழா தொடங்க முடிவு செய்தார்கள். போரால் தள்ளிப்போய் 1946-ல் நடந்த அந்த விழாதான் இன்றைய கான். 1970 பெர்லினில், அமெரிக்க வீரர்கள் வியட்நாம் பெண்ணுக்குச் செய்த கொடுமையைச் சொன்ன ‘ஓ.கே.’ படத்தால் தகராறு வந்து, நடுவர் குழுவே ராஜினாமா செய்தது. போட்டி ரத்து, யாருக்கும் தங்கக் கரடி இல்லை. சத்யஜித் ரேயின் படமும் அந்தப் போட்டியில் இருந்தது. ஆனா பெர்லின் அதிலிருந்து பாடம் படிச்சது. அடுத்த வருஷமே புதிய சினிமாவுக்கென்று ‘ஃபோரம்’ என்ற தனிப் பிரிவைத் திறந்தது.

நம்ம ஊர்ல நடந்தது தலைகீழ். 2021-ல் தணிக்கைக்கு எதிரான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தைக் கலைச்சாங்க. 2022-ல் திரைப்பட விழாக்கள் இயக்குநரகம், ஃபிலிம்ஸ் டிவிஷன், ஆவணக் காப்பகம், சிறுவர் திரைப்படச் சங்கம் எல்லாத்தையும் என்.எஃப்.டி.சி.க்குள் இணைச்சாங்க.

மதுரைப் பக்கம் கடன் வாங்கிப் படம் எடுக்கிற ஒரு இளைஞனுக்கு ஸ்டார் கிடையாது, தியேட்டர் கிடையாது. பனோரமா பட்டியலில் பெயர் வந்தால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அந்தப் பட்டியலையும் அமைச்சக மேசையில் வெட்டினால் அவன் எங்கே போவான்?

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். நடுவர் குழு கையெழுத்திட்ட பட்டியலை, அமைச்சகத்துக்கு அனுப்பும் அதே நாளில் பொதுவெளியில் வெளியிடுங்கள். ஏதாவது படத்தை நீக்கினால், நீக்கியவர் பெயரோடு எழுத்துப்பூர்வமான காரணமும் அதே பக்கத்தில் வரட்டும். அடுத்த விழாவுக்கு நடுவர்களை அறிவிக்கும் முன்பே இந்த விதியை அறிவிக்க வேண்டும்.