மூடு என்றால் மூன்று

சென்ற வாரம் ஜூஜுவாடியில் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய நாலு வயதுப் புதல்வியை நம் முன் நிறுத்தி, "மாமாவுக்கு நூறு வரைக்கும் சொல்லிக் காட்டு" என்று தாயார் உத்தரவிட்டார். குழந்தை இங்கிலீஷில் மூச்சு விடாமல் ஒப்பித்தது. பெற்றோர் முகத்தில் தோன்றிய பெருமையைக் கெடுக்க நமக்கு மனமில்லை. ஆயினும், இருபது வருஷம் உபாத்தியாயராகக் காலந்தள்ளியவர்களுக்குப் பொல்லாத சுபாவம் ஒன்று உண்டு. கூடத்தில் பாட்டி புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கே குவிந்திருந்த கொட்டைகளைக் காட்டி, "ஐந்து எடுத்துத் தா, அம்மா" என்றோம். குழந்தை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்துவிட்டது!

எண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வது பாட்டுப் பாடுவது போலத்தான். எண்ணுவதாயின், பொருளுக்கு ஒரு பெயராகத் தொட்டுச் செல்ல வேண்டும்; ஒன்றையும் விடக் கூடாது; ஒன்றையே இருமுறை தொடவும் கூடாது. கடைசியில் சொன்ன எண்ணே மொத்தம் என்பதும் புரிய வேண்டும். ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இருவர் 1978-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடைசி விஷயந்தான் எளிதில் பிடிபடுவதில்லை. ஐந்து கொட்டைகளை எண்ணி முடித்த குழந்தையிடம் "எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்த எல்லைப்புறத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. ஓசூரைத் தாண்டினால் ஜூஜுவாடி. அதைத் தாண்டினால் கர்நாடகம். தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்களும் பூர்வீகக் குடிகளுமாக, தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் புழங்குகின்றன. சுமார் பத்து வருஷங்களுக்கு முன், நம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமியிடம் கூழாங்கற்களை எண்ணச் சொன்னோம். "ஒகடி, ரெண்டு, மூடு" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. யாரை வாயை மூடச் சொல்கிறாள் என்று ஒரு பையன் கேட்டான். சிரிப்பை அடக்குவதிலேயே கவனமாயிருந்த நாம், எண்ணத் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு, அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினோம்.

ஆறு மாதம் கழித்துச் சந்தையில் அவளைப் பார்த்தோம். தாயாரின் கடையில் எலுமிச்சம்பழங்களைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். கூறுக்கு ஏழு பழம். வாய் தெலுங்கில் முணுமுணுத்தது. ஒரு கூறிலும் ஒன்று கூடவில்லை, குறையவில்லை. மறுநாளே அவளை முன் வரிசைக்கு அழைத்தோம். அதற்குள் அவள் வகுப்பில் வாய் திறப்பதையே விட்டிருந்தாள். அவளை மீண்டும் பேசவைக்க அந்த வருஷம் முடியும் வரையில் பாடுபட்டும், நமக்குப் பாதி வெற்றிகூடக் கிட்டவில்லை.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் பின், 2022 ஜூனில் தமிழ்நாட்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு நல்லதென்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எந்தப் பாஷையில் கேட்டுப் பிரிக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் வீட்டுப் பாஷையிலேயே எண்ணட்டும். தமிழில் பதினொன்று, தெலுங்கில் பதகொண்டு, கன்னடத்தில் ஹன்னொந்து: மூன்றிலும் பத்தோடு ஒன்று சேர்வது காதில் விழுகிறது. இங்கிலீஷ் 'லெவன்' அப்படி எதையும் சொல்வதில்லை. (நம் தொண்ணூறும் லேசுப்பட்டதன்று, தொண்ணூறிலேயே நூறு ஒலித்தால் குழந்தை திகைக்காமல் என்ன செய்யும்?)

விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. படி ஏறும்போது எண்ணலாம். பூண்டு உரிக்கையில் எண்ணலாம். பல்லாங்குழி இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். குழிக்கு ஒன்றாகப் போட்டுப் போவதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதாயின் சோழிக்கும் கொட்டைக்கும் பதில் கரண்டிகளைக் கொடுங்கள். ஐந்து நன்றாகப் படிந்த பிறகு பத்துக்குப் போனால் போதும்.

நண்பர் வீட்டுக் குழந்தையை அப்படியே விட்டு வரவில்லை. "எல்லோருக்கும் ஆளுக்கொரு தட்டு வை" என்றோம். பாட்டிக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தனக்கு என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு நம்மைச் சற்று நேரம் உற்றுப் பார்த்து, "மாமாவும் சாப்பிடுவாரா?" என்று தாயாரைக் கேட்டுவிட்டு, இன்னொரு தட்டு எடுக்க உள்ளே ஓடினாள்.