அரியருக்கு மனசைக் குற்றம் சொல்லாதீர்கள்

விடியலில் கம்பெனி வண்டி ஏறி ஷூ வேலைக்குப் போகும் அம்மாக்கள் பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கம் ஏராளம். அப்படியொரு வீட்டுப் பெண், தமிழ் வழியில் படித்தவள், நர்சிங் சேர்கிறாள்; உடற்கூறியலில் அரியர் விழுகிறது. தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது: “மனசு பலமில்லை, ஈக்யூ வளரணும்.” அரை நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், குரூப் போட்டோ.

ஈக்யூ எனப்படும் உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் முன்வைத்தவர்கள் சலோவே, மேயர் என்ற உளவியலாளர்கள். அதை ஊரறியச் செய்தது 1995-இல் வந்த டேனியல் கோல்மனின் புத்தகம். வாழ்க்கை வெற்றியில் ஐக்யூவின் பங்கு அதிகம் போனால் 20 விழுக்காடு, மற்றவை வேறு காரணங்கள் என்றார் அவர். மேடைப் பேச்சாளர்கள் மிச்சம் 80-ஐயும் ஈக்யூ கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்!

உண்மைக் கணக்கு வேறு. 158 ஆய்வுகளை, 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவுகளைத் திரட்டி, கரோலின் மெக்கான் குழு 2020-இல் வெளியிட்ட முடிவில், உணர்வு நுண்ணறிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.20. அதாவது மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத்தான் அது விளக்கும். பயிலரங்குகளில் நிரப்பச் சொல்லும் சுயமதிப்பீட்டுப் படிவ வகைக்கோ 0.12தான்.

அரியருக்குக் கண்ணெதிரே வேறொரு காரணம் இருக்கிறது: பிளஸ் டூ வரை தமிழில் எழுதியவள், ஒரே விடுமுறைக்குள் ஆங்கிலப் புத்தகத்துக்கு மாற வேண்டும். இதை யாரும் பயிலரங்கில் பேசுவதில்லை. பேசினால் மொழிப் பயிற்சிச் செலவு கல்லூரியின் தலையில் விழுமே.

மதிப்பெண்ணை விடுங்கள், நோயாளியின் கட்டிலருகே ஈக்யூவின் கதை வேறு என்பது சரிதான். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி பல ஆண்டுகள் எழுத்துத் தேர்வோடு நிற்காமல், மாணவர்களை நேரில் வரவழைத்துக் குணத்தையும் பார்த்தே சேர்த்தது. அந்த உரிமைக்காக, நீட் வழிச் சேர்க்கையை எதிர்த்து, 2017-இல் எம்பிபிஎஸ் இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீட் கட்டாயம் என்றது. ஆனால் சிஎம்சி தேடியது மிஷன் மருத்துவமனைகளில் தங்கி வேலை செய்யக்கூடியவர்களை. ரேங்க் வாங்க ஈக்யூ வேண்டும் என்று அது சொல்லவில்லை.

எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு 2019-இல் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி கொண்டுவரப்பட்டது. மொழித் திறனும் அதில் அடக்கம். நர்சிங், பாராமெடிக்கல் கல்லூரிகளும் முதல் மாதத்தை அப்படியே ஒதுக்கட்டும். அரியர் வைத்தவளை மனநலப் பேச்சுக்கு அனுப்பும் முன், அவள் விடைத்தாளைப் பிரித்து, தெரியாமல் போனது பாடமா ஆங்கிலமா என்று ஆசிரியர்கள் பார்க்கட்டும்.