முயல் அணியின் கணக்கு



ரேங்க் கார்டு கொடுக்கும் நாள் வந்தால், பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், இல்லையா? 36 ஆண்டுகள் ரேங்க் கார்டு எழுதிக் கொடுத்த வாத்தியார் நான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அன்று கொஞ்சம் கரைக்கத்தான் செய்யும். ஒரு பிள்ளையின் உழைப்பை எல்லாம் நாலைந்து எண்களில் அடக்குகிறோமே, சரியாகத்தான் செய்கிறோமா என்று தோன்றும்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விளையாட்டு அணியின் கணக்கில் எனக்குப் பதில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள அந்த அணியின் பெயர், சவுத் சிட்னி ராபிட்டோஸ். 1908ல் துவங்கியது. அந்தக் காலத்தில் சிட்னித் தெருக்களில் முயல் விற்பவர்கள், 'ராபிட்டோ... ராபிட்டோ...' என்று கூவிக் கொண்டே போவார்களாம். அந்தக் கூவல்தான் அணிக்குப் பட்டப் பெயராக ஒட்டிக் கொண்டது என்பர்.

இவர்கள் ஆடுவது ரக்பி லீக். பந்து முட்டை வடிவில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 13 பேர். கையால் எறிவதானால், பந்தை முன்னால் எறியக் கூடாது. முன்னேற வேண்டுமா? பந்தைத் தூக்கிக் கொண்டு ஓடு! எதிரணியினர் நம்ம ஊர் கபடி போலப் பாய்ந்து பிடித்து மடக்குவர். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து விட்டால், அதற்கு 'டிரை' என்று பெயர். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தும் புள்ளி எடுக்கலாம்.

இந்த அணி இதுவரை 21 முறை பட்டம் வென்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முதல்நிலை ரக்பி லீக் போட்டியில் வேறு எந்த அணியும் இத்தனை முறை வென்றதில்லை. 'அடேயப்பா!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 21ஐப் பிரித்துப் பார்க்கலாம்.

அதில் ஒன்று 1909ல் வந்தது. அந்த இறுதிப் போட்டிக்கு எதிரணியான பால்மெயின் வரவே இல்லை! யாருமில்லாத பக்கம் பந்தை உதைத்து, தாங்களே எடுத்து, கோட்டைத் தாண்டி வைத்தனர். பட்டம் கிடைத்து விட்டது. ஆனால், 1955ல் வந்த பட்டமோ அப்படிப்பட்டதல்ல. கடைசி 11 ஆட்டங்களையும் வரிசையாக வென்றால்தான் உண்டு என்ற நிலை, 11லும் வென்றனர். கணக்கில் இரண்டும் ஒன்று, ஒன்றுதான்!

சரி, இந்த அணி எப்போதும் வென்று கொண்டே இருந்ததா? அதுவும் இல்லை. 1946ல் ஓர் ஆட்டத்தில் கூட வெல்லவில்லை. கடைசி இடம். அந்த ஒரு வருடத்தை மட்டும் பார்த்தவர், 'இது உருப்படாத அணி' என்றுதான் சொல்லியிருப்பார். நான்கே வருடம் கழித்து, 1950ல் பட்டம் வென்றனர். 1950 முதல் 1955 வரை, ஆறு வருடத்தில் ஐந்து பட்டங்கள்!

எரிக் சிம்ஸ் என்றொரு வீரர் இருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்தவர். ஆட்டம் நடந்து கொண்டிருக்கும் போதே பந்தைத் தரையில் தட்டி, எழும்பும் போது உதைத்து, கம்பங்களுக்கு நடுவே அனுப்புவதில் மன்னன். அதற்கு 'பீல்டு கோல்' என்று பெயர். அப்போது 2 புள்ளி. அவர் உதைத்துத் தள்ளிய வேகத்தைப் பார்த்து, 1971ல் அதை 1 புள்ளியாகக் குறைத்து விட்டனர். இந்த அணிக்காக அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 1,841. பின்னாளில் ஆடம் ரெனால்ட்ஸ் என்ற வீரர் அதைத் தாண்டினார். ரெனால்ட்ஸ் காலத்தில் டிரைக்கு 4 புள்ளி. சிம்ஸ் காலத்திலோ 3 தான். இருவரில் யார் பெரியவர் என்று மொத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? நீங்களே யோசியுங்கள்.

எண்ணுக்குள் அடங்காதவையும் உண்டு. முன்பு சொன்ன அதே 1955ல், மேன்லி அணியுடன் ஓர் ஆட்டம். துவக்கத்திலேயே கிளைவ் சர்ச்சில் என்ற வீரருக்குக் கை எலும்பு முறிந்தது. இடைவேளையில் என்ன வைத்துக் கட்டினர் தெரியுமா? உங்கள் பையில் இருக்கிறதே நோட்டுப் புத்தகம், அதன் அட்டையை! அந்தக் கட்டோடு மறுபடி இறங்கினார். கடைசியில், மைதானத்தின் ஓரத்தில் இருந்து அவர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனதால்தான் அணி 9-7 என்று வென்றது. அதற்குக் கணக்கில் கிடைத்தது 2 புள்ளி. நோட்டு அட்டைக்குப் புள்ளி இல்லை!

இனிதான் முக்கியமான கதை. 1999ல் போட்டியை நடத்தியவர்கள், அணிகளின் எண்ணிக்கையை 14 ஆகக் குறைக்க முடிவு செய்தனர். பணம் போதாமல் பல அணிகள் தள்ளாடின. குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றனர். எவ்வளவு கூட்டம் வந்தது, எவ்வளவு வருமானம், அண்மைப் போட்டிகளில் எத்தனை புள்ளி என்றெல்லாம் கணக்குப் போட்டனர். அந்தக் கணக்கில் சவுத் சிட்னி தேறவில்லை. அதுவரை 20 பட்டங்களுடன் முதலிடத்தில் இருந்த அணியை வெளியே அனுப்பி விட்டனர்!

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2000 நவம்பரில், சிட்னித் தெருக்களில் சுமார் 80 ஆயிரம் பேர் ஊர்வலம் போயினர். முன்னாள் வீரர் ஜார்ஜ் பிக்கின்ஸ் தலைமையில் வழக்கும் நடந்தது. 2001ல் தீர்ப்பு சாதகமாக வர, 2002ல் அணி மீண்டும் களமிறங்கியது. 2003ல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும், அணியை மறுபடி யாரும் வெளியேற்றவில்லை.

கணக்குப் போட்டவர்கள் பொய்க் கணக்குப் போட்டனர் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அந்த 80 ஆயிரம் பேரின் பாசத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லையே! எதை எண்ண வேண்டும் என்று முடிவு செய்யும் போதே, யார் உள்ளே, யார் வெளியே என்பதும் பாதி முடிவாகி விடுகிறது.

இதைப் படித்த போது எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா? நானும் இதையே செய்திருக்கிறேன். ஒரு வருடம், பள்ளி கோ-கோ அணிக்கு 12 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அந்த மாதம் அதிக நாள் வராதவர்கள் பெயரை அடித்தேன். அதில் மான் போல ஓடும் ஒரு பையனும் போய் விட்டான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல், அவன்தான் தம்பியைப் பார்த்துக் கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காதது இருக்கட்டும். நான் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால், எண்ணே வேண்டாமா? வேண்டும்! கணக்கு எழுதி வைக்காவிட்டால், 1946ல் துவண்ட அணிதான் 1950ல் வென்றது என்று நமக்கு எப்படித் தெரியும்? தோல்வியையும் அழிக்காமல் எழுதி வைத்திருக்கின்றனரே, அதுதான் நல்ல கணக்கு. திரும்பி வந்த பிறகும், 2003, 2004, 2006 ஆகிய வருடங்களில் இந்த அணி கடைசி இடத்தில்தான் இருந்தது. அதுவும் பதிவாகி இருக்கிறது. 2014ல் இறுதிப் போட்டியில் கேன்டர்பரி அணியை 30-6 என்று வென்று, 43 வருடங்களுக்குப் பின் பட்டம் வாங்கியது. அதுவே 21வது பட்டம்!

எனவே, செல்லங்களே... யாராவது ஓர் எண்ணைச் சொல்லி ஒருவரை உயர்த்தினாலும், தாழ்த்தினாலும், உடனே தலையாட்டாதீர்கள். எதை எண்ணினீர்கள், எந்தக் காலத்தை எண்ணினீர்கள், எதை விட்டு விட்டீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அடுத்த முறை உங்கள் ரேங்க் கார்டில் கணக்குக்கு 40 வந்தால், மறைத்து வைக்காதீர்கள். போன முறை வாங்கிய 25ஐயும் பக்கத்தில் வைத்து, அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள்.

40க்குப் பக்கத்தில் 25ஐ வைத்தால், 40 எவ்வளவு பெரிய எண் என்று அவர்களுக்கும் புரியும்!